கப்பல் சமையல்காரரின் ரத்த அழுத்தம்

நோங் லினோ மணிலாவிலிருந்து கப்பல் ஏறாமல் திரும்பிய செய்தி, அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. எங்கள் கடலோர ஊர் மியாகாவ் அப்படிப்பட்டது. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் கப்பலுக்குப் போன ஆள் இருக்கிறார். யார் ஏறினார், யார் இறங்கினார், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போதே காதில் விழுந்துவிடும்.

முழுப்பெயர் திராங்கிலினோ நுஃபாப்ளே. வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்கு நோங் லினோ. சரக்குக் கப்பல்களின் சமையற்கட்டில் இருபத்தாறு வருடம் நின்றவர். அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைமைச் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு, பிறகு மறுபடி ஒன்பது மாதம் கடல் என்று ஓடிய வாழ்க்கை. ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் மணிலாவில் உடல் பரிசோதனை உண்டு. இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்தபோது 172/108 என்று காட்டியது. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி அளந்தார்கள். அதே கதைதான். இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சீட்டோடுதான் அவர் என் கடைக்கு வந்தார். சந்தைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். சீட்டில் முப்பது நாளுக்கு எழுதியிருந்தது.

"பத்து நாளைக்குக் குடு போதும், இந்தாய்" என்றார். இங்கே பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. ஆனாலும் அவருக்கு நான் இந்தாய்தான்.

"தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை, நோங். நிறுத்தக் கூடாது."

"பத்து நாள்ல இறங்கிடும் பாரு. எனக்குத் தலைவலிகூட கிடையாது. மணிலா வெயில்ல ஓடிப்போய் நின்னேன், அதான் ஏறிடுச்சு."

இரண்டு வகையிலும் பத்துப் பத்தாகக் கத்தரித்துக் கொடுத்தேன். பதினோராம் நாள் அவர் வரவில்லை, இருபதாம் நாளும் வரவில்லை. கடை வாசலில் டிரைசைக்கிளில் போகும்போது கையசைப்பார். நானும் கையசைப்பேன். மாத்திரை வாங்கினீர்களா என்று கேட்டிருக்கலாம். வாசல்வரை எழுந்து போகச் சோம்பல், இல்லை, இத்தனை பெரிய மனிதரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பதா என்ற தயக்கம். எதுவாக இருந்தாலும் நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவர் மனைவி சல்வாசியோன் பல்கலைக்கழக வாசலில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறார். மருந்துச் சீட்டுகளை நகலெடுக்க நான் அங்கே போவேன். அந்த மாதங்களில் போகும்போதெல்லாம் அவர் கணவரைப் பற்றித்தான் பேசுவார்.

"விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சிடறார். கப்பல்ல காலைச் சாப்பாடு வைக்கிற நேரமாம். இங்க யாருக்கு வைக்கறது? காப்பியை எடுத்துக்கிட்டு கடல்சுவர் மேல போய் உக்காந்துக்கறார்."

அவர் உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். இலோயிலோ துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் எங்கள் ஊருக்கு எதிரே தூரத்தில் நகரும். எங்களுக்கு அது ஒரு சாம்பல் கோடு. அவருக்கு அது கப்பல். "காலியா வருது, சிவப்பு வயிறு தெரியுது பாரு. புகை வருதே, அது சமையற்கட்டுப் புகைபோக்கி இல்ல, எஞ்சின். இந்நேரம் உள்ள ரொட்டி போட்டுக்கிட்டிருப்பான்" என்பார், பக்கத்தில் யார் இருந்தாலும். யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு பேருக்குச் சமைக்க அவருக்கு வரவில்லை. துவரையும் பலாக்காயும் பன்றிக்காலும் போட்டு ஒரு குழம்பு வைத்தால் இருபத்திரண்டு பேர் சாப்பிடலாம். அந்தக் குழம்பு கிண்ணம் கிண்ணமாகத் தெரு முழுக்கப் போகும். என் கடைக்கும் வரும். உப்பும் இறால் விழுதும் தாராளமாக இருக்கும். நன்றாகத்தான் இருந்தது, நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

"சாப்பிட உக்காந்தா மூஞ்சி கடல் பக்கம்தான்" என்றார் சல்வாசியோன். "ஒரு நாள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவரே பழையபடி போட்டுக்கிட்டார்."

"திட்டலையா?"

"என்னத்தைத் திட்டறது, இந்தாய். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். என் கூட இருந்தது எல்லாத்தையும் கூட்டினாலும் ஒன்பது வருஷம் தேறாது. இப்பதான் முழுசாக் கிடைச்சிருக்கார். கிடைச்ச ஆளைத் திட்டி அனுப்பவா?"

நகலெடுக்கும் இயந்திரத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் போய்ப் போய் வந்தது.

மூன்று மாதக் கெடு முடியும் வாரத்தில் பக்கத்து ஊரான கிம்பாலிலிருந்து பெர்னபே வந்தார். லினோவோடு இரண்டு கப்பலில் வேலை செய்தவர். கடல்சுவரில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். அன்று நடந்ததைப் பின்னால் லினோவே என்னிடம் சொன்னார்.

"மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்டாராம் பெர்னபே.

"ஒரு வாரம் சாப்பிட்டேன். அப்புறம் நல்லாத்தான இருந்துச்சு, விட்டுட்டேன்."

"அப்ப நாளான்னைக்கு எகிறும். இந்தா." பெர்னபே சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். திடீரென்று அழுத்தம் ஏறினால் மருத்துவமனையில் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. "காலைல எந்திரிச்சதும் ரெண்டு. வாசல்ல நிக்கும்போது ஒண்ணு. நான் மூணு தடவ இப்படித்தான் பாஸ் ஆனேன். உன்னைவிட எனக்கு அதிகம்டா."

மணிலாவில், பரிசோதனை நாள் காலை ஐந்து மணிக்கு, தங்கும் விடுதியின் கட்டிலில் உட்கார்ந்து லினோ பெர்னபேயின் மாத்திரை இரண்டை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார். விட்ட நாட்களுக்கு ஈடாக இருக்கட்டும் என்று, மிச்சமிருந்த தன் மாத்திரைகளிலும் இரண்டிரண்டு விழுங்கினார். ரத்தம் எடுப்பார்கள் என்பதால் முதல் நாள் இரவிலிருந்து சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பரிசோதனை நிலையத்தின் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றார். மூன்றாவது மாத்திரையும் போனது. பிறகு நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்தார். வாய் காய்ந்து, கண் செருகிக்கொண்டு வந்தது. பெயரைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தார்.

"தரை மேல ஏறி வந்துச்சு, இந்தாய். நான் விழுந்தேன்னு எனக்குத் தெரியல. தரைதான் வந்துச்சு" என்றார் என்னிடம்.

மோவாயில் மூன்று தையல். அழுத்தம் 78/46. கையில் ஊசி குத்தி, உப்புநீர் ஏற்றி, சாயங்காலம்வரை படுக்க வைத்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் கேட்டபோது ஒன்றுமில்லை என்றார் லினோ. இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொன்னார். மூன்றாம் முறை அந்த அம்மாள் கோபப்படாமல் கேட்டாராம்: "நீங்க சமையல்காரர்தான? கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டிருக்கும்போது இப்படி விழுந்திருந்தா? நாலு நாள் தூரத்துக்குக் கரையே இல்லாத இடத்துல?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னார். ஆறு மாதத்துக்கு வரவே வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்கள்.

வீட்டில் கேட்டபோது, விடுதிக் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். அந்தக் கதை ஐந்து நாள் தாக்குப்பிடித்தது. ஆறாம் நாள் பெர்னபேயின் மனைவி வந்து, என் வீட்டுக்காரர்தான் கொடுத்தார், மன்னித்துக்கொள் என்று சல்வாசியோனிடம் அழுதுவிட்டார். அன்று மத்தியானம் சல்வாசியோன் நகல்கடையை அடைத்துவிட்டுக் கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்ணாடிப் பெட்டிமேல் கவிழ்த்தார். பாதி அட்டை, கால் அட்டை, பெயர் கிழிந்துபோன அட்டை, நிறம் மாறிய சில உதிரி மாத்திரைகள்.

"இதெல்லாம் என்னன்னு சொல்லு, இந்தாய். இவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார். பேரு திராங்கிலினோ, அமைதியானவர்னு அர்த்தம். உள்ள பார்த்தா சோத்துப்பானை மாதிரி கொதிக்குது."

"பங்கா, கடையில ஆள் இருக்காங்க" என்றார் லினோ மெதுவாக. செல்லம் என்று கூப்பிட்டால் கோபம் தணியும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இருக்கட்டும். உங்களைத் தூக்கிட்டுப் போகவும் அவங்கதான வரணும்."

இருமல் மருந்துக்கு நின்றிருந்த இருவரும் போகாமல் நின்றார்கள். நான் அட்டைகளைப் பிரித்தேன். லினோவின் மாத்திரைகள், பெர்னபேயின் மாத்திரை, முழங்கால் வலிக்கு அவராகவே வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரை, மூக்கடைப்புக்கான சளி மாத்திரை.

"நோங், இந்த வலி மாத்திரை எத்தனை நாளா?"

"கப்பல் ஏணி ஏறி ஏறி முட்டி போயிடுச்சு. ரெண்டு மூணு வருஷமா. தினம் இல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"இதுவே அழுத்தத்தை ஏத்தும். சளி மாத்திரையும் ஏத்தும். ஒரு பக்கம் இறக்கற மருந்து, இன்னொரு பக்கம் ஏத்தற மருந்து. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா சிறுநீரகமும் கெட்டுப்போகும். பெர்னபேயோட மாத்திரை அவருக்கு எழுதினது. அவர் உடம்பு வேற, உங்க உடம்பு வேற."

"அவன் மூணு தடவ பாஸ் ஆனானே."

"விழாம வந்தது அவர் அதிர்ஷ்டம்."

பிறகு நான் செய்ய வேண்டியிருந்ததைச் செய்தேன். பத்து மாத்திரை வாங்கிப் போனவர் திரும்ப வரவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை என்று சல்வாசியோனிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "நானும்தான் கேட்கல" என்றார். "கேட்டா, சரியாகிக் கப்பலுக்குப் போயிடுவார்னு பயம்."

லினோ மனைவி பக்கம் திரும்பினார். அந்த வார்த்தையை அவர் முதல் முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. இருமல் மருந்துக்காரர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என்ன பேசினார்கள் என்பது சல்வாசியோன் சொல்லித் தெரியும். கடல்சுவரில் இருவரும் உட்கார்ந்தார்களாம். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அந்தச் சுவரில் கணவரோடு உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"நான் போறது உனக்குப் பிடிக்காதா?" என்று கேட்டிருக்கிறார் லினோ.

"பிடிக்காது. நீங்க இங்க இருந்துக்கிட்டு அங்க பார்க்கறதும் பிடிக்கல. போகணும்னா சரியாகிப் போங்க. திருட்டுத்தனமாப் போய் நடுக்கடல்ல விழுந்தீங்கன்னா, எனக்குத் தகவல் சொல்லவே ரெண்டு நாள் ஆகும்."

மறுநாள் இருவரும் ஊர்ச் சுகாதார நிலையத்தில் டாக்டர் மொலேனோவைப் போய்ப் பார்த்தார்கள். அவர் ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு, குறைந்த அளவில் மருந்தை ஆரம்பித்தார். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டிக்கு வேறு மாத்திரை, சுடுதண்ணீர் ஒத்தடம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி.

பழக்கம் ஒரே நாளில் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டு, மறுநாள் காலை இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க நேராகக் கடைக்கே வந்தார். "வேண்டாம் நோங். போனது போகட்டும், இன்னிக்கு உள்ளதை மட்டும் சாப்பிடுங்க" என்றேன். கேட்க வந்தாரே என்று எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். கட்டிலிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுத்து நிற்கப் பழகினார். அதைச் செய்யும்போது சல்வாசியோன் கதவருகே நின்று, "கேப்டன் எழுந்தாச்சா?" என்று கிண்டல் செய்வாராம்.

உப்புதான் பெரிய போராட்டம். உப்பில்லாமல் சமைத்தால் சமையல்காரன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். யாரோ இலோயிலோவிலிருந்து உப்புக்குப் பதிலாகப் போடும் பொடி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார்கள். நல்லவேளை, அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் சாப்பிடும் மாத்திரையோடு அந்தப் பொடி சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும் என்று சொன்னதும், "உப்பு வேஷம் போட்ட விஷமா?" என்று சிரித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பிறகு பத்துவான் காயின் புளிப்பையும் இஞ்சியையும் எலுமிச்சைப் புல்லையும் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தார். கிண்ணம் எங்கள் கடைக்கு வருவது நிற்கவில்லை. முதல் சில கிண்ணங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நாலாம் மாதம் வந்த குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

ஐந்தாம் மாதம் கணுக்கால் இரண்டும் வீங்கின. செருப்பு ஏறவில்லை. முன்பென்றால் மாத்திரைதான் காரணம் என்று அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பார். காரணம் மாத்திரைதான், அதில் தவறில்லை. ஆனால் இந்த முறை அவர் அன்றைய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, மனைவியின் அகலச் செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் நடந்தார். டாக்டர் ஒரு மருந்தின் அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்த்தார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. பெண்கள் செருப்பில் நோங் லினோ சந்தையைக் கடந்து போனதை மட்டும் ஊர் இன்னும் மறக்கவில்லை.

அவ்வளவு காலமும் அவர் காலையில் கடல்சுவருக்குப் போவதை நிறுத்தவில்லை. மாத்திரை சரியாகச் சாப்பிட்டால் ஏக்கம் குறையும் என்று சல்வாசியோன் எதிர்பார்த்தாரோ என்னவோ, அது குறையவில்லை. இன்னும் கூடித்தான் போனது. அழுத்தம் இறங்க இறங்க அவர் கடலுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். வாரம் ஒரு முறை என் கடையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல், காலைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்து அளந்துகொள்வார், சல்வாசியோனும் கூட வருவார். 150, 144, 138. எண் இறங்கும்போது லினோவின் முகம் மலரும். சல்வாசியோன் பட்டையைக் கழற்றி மடிப்பார். அவர் விரல்கள் அதை வேண்டியதைவிட அதிக நேரம் மடித்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் மாதம் மணிலாவுக்குப் போனார். அன்று காலையும் வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில், ஒரு மிடறு தண்ணீரோடு சாப்பிட்டார். சாப்பிடலாமா என்று பரிசோதனை நிலையத்தில் முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்திருந்தார். 128/82. அதே மருத்துவர்தான். மருந்துச் சீட்டையும் டாக்டர் மொலேனோவின் கடிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய மோவாய்த் தழும்பையும் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

கப்பல் கிடைத்தது. இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு போகும் கப்பல், இருபத்தோரு பேர். கிளம்ப மூன்று வாரம் இருந்தது. சல்வாசியோன் ஒன்பது மாதத்துக்கான மாத்திரைகளை என்னிடம் வாங்கினார். கப்பல் தாமதமானால் என்று இன்னும் ஒரு மாதத்துக்கும் சேர்த்து வாங்கினார். ஒவ்வொரு அட்டையின் காலாவதித் தேதியையும் அவரே கண்ணாடி போட்டுப் படித்தார். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடப்போனவரைத் தடுத்து, ஈரக்காற்று படாமல் அப்படியே இருக்கட்டும் என்றேன். பெரிய பெட்டியில் வைத்தால் தொலைந்து போகலாம் என்று பாதியைத் தோள்பையில் வைக்கச் சொன்னேன்.

"கப்பல்ல கடிகாரத்தை மாத்திக்கிட்டே இருப்பாங்களே" என்று கேட்டார் சல்வாசியோன். "ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னால, ஒரு நாள் பின்னால. எந்த மணிக்கு சாப்பிடறது?"

நான் யோசித்தேன். அதற்குள் லினோ சொன்னார்: "காலைல முதல் அரிசி களையும்போது. எந்தக் கடல்லயும் அது ஒரு தடவைதான்."

ஒரு மணி நேரம் முன்பின்னாக ஆனால் பாதகமில்லை, தினமும் ஒரே வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது என்றேன். அதுவே முடிவானது.

விமான நிலையத்துக்கு வண்டி வந்த அன்று நான் போகவில்லை. கடையில் ஆள் இல்லை. போனவர்கள் சொன்னார்கள், லினோ சிரித்துக்கொண்டே ஏறினார், சல்வாசியோனும் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார் என்று. மறுநாள் நகல்கடைக்குப் போனேன். அடைத்திருந்தது. அதற்கடுத்த நாளும் அடைத்திருந்தது.

லினோ அந்த ஒன்பது மாதத்தையும் முடித்தார். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை என்று சொல்ல முடியாது. புயலில் இரண்டு நாள் வாந்தி எடுத்தபோது கப்பல் அதிகாரியிடம் சொல்லி, வானொலித் தொடர்பில் கரையிலுள்ள மருத்துவரைக் கேட்டு, அவர் நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்தி, தொடங்கச் சொன்ன நாளில் தொடங்கினாராம். இறங்கி வந்தார், மூன்று மாதம் இருந்தார், மறுபடி ஏறினார். இப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. இப்போதும் கடலில்தான் இருக்கிறார்.

போன வாரம் சல்வாசியோன் தன் அழுத்தத்தை அளந்துகொள்ள வந்தார். நன்றாகத்தான் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லாததால், வெகுநாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அவரைச் சரிப்படுத்தி அனுப்பியதற்கு எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா?

அவர் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

"தினமும்" என்றார். "ஆனா மாத்திரையை விட்டுட்டு வீட்லயே கிடந்திருந்தா, ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கட்டில்ல கிடந்திருப்பார். அப்ப நாள் பூரா என் கூட இருந்திருப்பார்தான். அப்படி இருக்கறதை நான் கேட்கல."

எப்போது வருகிறார் என்று கேட்டேன்.

"இன்னும் நாலு மாசம் பதினோரு நாள்" என்றார், யோசிக்காமல். குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்து, பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஜீப்னியில் ஏறினார்.